பூமலையில் பிறந்த வேலைநாள்

சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்காவின் தெற்குப் பகுதியில், டாங்ளின் வாயிலுக்கு அருகே, ஓர் ஏரி இருக்கிறது. அன்னங்கள் நீந்துவதால் அது அன்ன ஏரி. பரப்பு ஒன்றரை ஹெக்டேர். ஆழமான இடத்தில் 4 மீட்டர். நடுவே ஒரு சிறு திட்டு, அதில் உடம்பெல்லாம் முள்ளோடு கூட்டமாக நிற்கும் நிபோங் பனைகள். கரையில் எங்கும் நேர்க்கோடு கிடையாது. தானாக அமைந்ததுபோல் தோன்றும் இந்த நீர்ப்பரப்பு 1866இல் மனிதர்கள் உருவாக்கியது. 2015 ஜூலையில் பூமலை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதுதான். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. குடியேற்ற ஆட்சிக்காலத்துப் பூங்கா ஒன்று அறிவியல் நிறுவனமாக வளர்ந்ததற்கு அது சிறந்த சான்று என்பது ஒன்று. 20ஆம் நூற்றாண்டில் ரப்பர் பயிர்த்தொழில் பரவியதில் அதற்கிருந்த பெரும் பங்கு மற்றொன்று. ஏரிக்கரையில் நிற்பவருக்கு முதல் காரணம் கண்முன்னே விரிந்து கிடக்கிறது. இரண்டாவது காரணம் கண்ணில் படுவதில்லை. பூமலை உலகுக்குக் கொடுத்தவற்றுள் மிகப் பெரியது, ஒரு மரத்தின் பட்டையைச் சீவும் முறை. அந்த முறை பல லட்சம் தமிழர்களுக்கு வேலைநாளாக அமைந்தது. ஆகவே அந்த வேலைநாளும் பூமலையின் பாரம்பரியத்தில் சேர்ந்தது என்பதே இங்கே நான் நிறுவ முயல்வது.

முதலில் பூங்காவின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் முதல் தாவரத் தோட்டத்தை 1822இல் ராஃபிள்ஸ் அரசு மாளிகைக் குன்றில் தொடங்கினார். ஜாதிக்காய், கிராம்பு போன்ற வாசனைப் பயிர்களைச் சோதித்துப் பார்ப்பது அதன் நோக்கம். பணமில்லாமல் 1829இல் அது மூடப்பட்டது. இன்றைய பூமலை 1859இல் ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் முயற்சியால் டாங்ளினில் தோன்றியது. வம்போவா என்று அறியப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கே வசமிருந்த நிலம் அதற்காகக் கைமாறியது. லாரன்ஸ் நிவன் மேற்பார்வையாளராக அமர்ந்து ஆங்கில நிலத்தோட்டப் பாணியில் அதை வடிவமைத்தார். வளைந்த பாதைகள், சரிந்திறங்கும் புல்வெளி, தாழ்ந்த இடத்தில் நீர் என்பது அந்தப் பாணியின் இலக்கணம். அன்ன ஏரி அதன் விளைவு. சங்க உறுப்பினர்கள் மாலையில் உலாவவும், பேண்டு இசை கேட்கவும், மலர்க் கண்காட்சி நடத்தவும் உருவான இடம் அது. சங்கம் கடனில் சிக்கியதால் 1874இல் பூங்கா அரசின் கைக்குப் போனது. மறு ஆண்டே லண்டன் கியூ பூங்காவில் பயிற்சி பெற்ற ஜேம்ஸ் மர்ட்டன் பொறுப்பேற்க வந்தார். 1879இல் வடக்குப் பக்கம் பெரும் நிலப்பரப்பு சேர்க்கப்பட்டுப் பயன்தரு பயிர்களுக்கான சோதனைத் தோட்டமாக்கப்பட்டது. அன்று தீவின் நிலைமை அப்படி. ஜாதிக்காய் மரங்கள் 1850களிலேயே நோய் கண்டு பட்டுப்போயிருந்தன. மிளகும், தோல் பதனிட உதவும் காம்பியரும் தீவின் காட்டைத் தின்று தீர்த்திருந்தன. புதிய பணப்பயிர் ஒன்று வேண்டியிருந்தது. ஏரி உலாவிடத்தின் காலத்தைச் சேர்ந்தது, ரப்பர் சோதனைத் தோட்டத்தின் காலத்தைச் சேர்ந்தது. ஒரே வேலிக்குள் இரண்டு நோக்கங்கள் அடுத்தடுத்து வேரூன்றின.

ரப்பர் வந்த கதை பலரும் அறிந்ததே. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசானின் கிளையாறான தபஜோஸ் கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை கியூவுக்குக் கொண்டுசேர்த்தார். ரப்பர் விதை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்துசேர்ந்தன. சில கன்றுகள் பூமலையில் நின்றன, சில பேராக் மாநிலத்துக்குப் போயின. வழக்கமாக எல்லோரும் இந்த 22 கன்றுகளோடு கதையைத் தொடங்கி, நேரே மலாயாவின் ரப்பர் செல்வத்துக்குத் தாவிவிடுவார்கள். இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிடக்கின்றன. நான் சொல்ல வருவதற்கு அந்த இருபது ஆண்டுகள்தான் முதல் சான்று. கன்றுகள் பிழைத்தன, மரமாயின, காய்த்தன. விதை கிடைத்தது, நிலம் கிடந்தது, பணம் படைத்த காப்பித் தோட்டக்காரர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆனாலும் ரப்பரைப் பயிரிட யாரும் முன்வரவில்லை. பால் தர ஆறேழு ஆண்டு காத்திருக்கவேண்டிய மரம் அது. காத்திருந்த பிறகும் எவ்வளவு பால் வரும், எத்தனை ஆண்டு வரும், வெட்டினால் மரம் தாங்குமா என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்து உள்மரம்வரை பாய்ந்து பட்டையைக் கெடுத்தது. காட்டில் ஒரு மரம் கெட்டால் அடுத்த மரத்துக்குப் போகலாம். முதல் போட்டு நட்டவருக்கு அது கட்டுப்படியாகாது. செடி வந்துவிட்டால் தொழில் வந்துவிடாது என்பதற்கு இந்த இருபது ஆண்டுகளைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் 1888 முதல் 1911 வரை பூமலையின் இயக்குநராக இருந்த ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி. பூங்காவில் நின்ற மரங்களில் பல ஆண்டுகள் வெட்டிப் பார்த்து அவர் கண்டறிந்தது எளிமையானது, ஆனால் நுட்பமானது. ரப்பர் மரத்தின் பால் மரக்கட்டையில் இல்லை, பட்டையின் உட்பகுதியில் ஓடும் மெல்லிய குழாய்களில் இருக்கிறது. அந்தக் குழாய்களுக்கும் உட்புறமாக, கட்டையை ஒட்டி, கேம்பியம் என்னும் வளர்படலம் இருக்கிறது. புதிய பட்டையை உண்டாக்குவது அதுதான். கத்தி பால்குழாய்களை அறுக்கவேண்டும், வளர்படலத்தைத் தொடக்கூடாது. இரண்டுக்கும் இடைவெளி மிகச் சிறியது. கத்தி கொஞ்சம் ஆழ்ந்தால் அந்த இடத்தில் முண்டு விழுந்து பட்டை மறுபடி சீராக வளராது. கொஞ்சம் மேலோடினால் பால் குறையும். குழாய்கள் நேர்க்குத்தாக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடுவதால், இடப்பக்கம் மேலும் வலப்பக்கம் கீழுமாகச் சரித்து வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். அடுத்த முறை புதிய இடத்தில் கொத்தத் தேவையில்லை. அதே வெட்டின் கீழ்விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சீவல் எடுத்தால் போதும், முதல் முறையைவிடக் கூடுதலாகவே பால் வரும். காயம் பட்ட மரம் அந்த இடத்துக்குப் பாலை அனுப்பிப் பழகுகிறது. தமிழருக்கு இது விளங்காத சங்கதி இல்லை. பனம்பாளையையும் தென்னம்பாளையையும் நாள்தோறும் அதே நுனியில் மெல்லச் சீவிக் கள்ளும் பதநீரும் இறக்குகிறவர்கள் இதே விதியைத்தான் கையாள்கிறார்கள். வெட்டு இறங்கி இறங்கி அடிமரத்தை எட்டும்போது மேலே பழைய பட்டை திரும்ப வளர்ந்திருக்கும். ஒரு மரம் இருபது, முப்பது ஆண்டு தொடர்ந்து பால் தரும். தோட்டக்காரர்களின் கணக்கு இங்கேதான் மாறியது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் முதன்முதலாக வணிக அளவில் ரப்பர் நட்டார். பிரேசிலின் காப்பி பெருகி விலை சரியச் சரிய மற்றவர்களும் ரப்பருக்கு மாறினார்கள். சைக்கிளும் மோட்டாரும் காற்றடைத்த டயரைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பூமலை லட்சக்கணக்கில் விதைகளை அனுப்பியது. 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து வந்தது.

ரிட்லியின் முறையை மரத்தின் பக்கம் நின்று பார்ப்பதே வழக்கமாக இருக்கிறது. கத்தி பிடித்த கையின் பக்கம் நின்று பார்த்தால் அது வேறு விதமாகத் தெரியும். பெரும்பாலான பயிர்களுக்குப் பருவம் உண்டு. நெல்லுக்கு நடவும் அறுப்பும், கரும்புக்கு வெட்டும், காப்பிக்குப் பழமெடுப்பும் சில வாரங்களின் வேலை. அதற்கு வரும் கூட்டம் வேலை முடிந்ததும் கலைந்து போகலாம். ரப்பருக்கு இலையுதிரும் சில வாரங்களையும் மழை பெய்யும் காலைகளையும் விட்டால் ஓய்வு கிடையாது. மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். எனவே விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்து, வெளிச்சம் பரவும் நேரத்தில் தன் நிரைக்குள் இருக்கவேண்டும். ஒவ்வொரு மரத்திலும் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, பால் வடியும் மங்கைத் துடைத்து வைத்து, ஒரு சீவல் சீவி, அடுத்த மரத்துக்கு நகரவேண்டும். இப்படி ஒருவர் ஒரு காலையில் முந்நூறு முதல் ஐந்நூறு மரங்களைச் சீவுவார். கடைசி மரத்தை முடித்ததும் முதல் மரத்துக்குத் திரும்பி, பால் உறைவதற்குள் மங்குகளை வாளியில் ஊற்றிச் சுமந்து ஆலைக்குக் கொண்டுபோய் எடை காட்டவேண்டும். ஒவ்வொரு சீவலும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கும் கைத்திறன். பழகாத கையிடம் மரத்தைக் கொடுத்தால் தோட்டத்தின் முதலே பாழாகும். ஆகவே இந்தத் தொழிலுக்கு ஆண்டு முழுவதும், மரங்களின் அருகிலேயே குடியிருக்கும், பழகிய கைகள் வேண்டியிருந்தன. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் ஏன் தோட்டத்தின் நடுவே எழுந்தன, ஒரு குடும்பம் ஏன் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கிற்று என்பவற்றுக்கு விடை அந்தச் சரிந்த வெட்டிலும் இருக்கிறது. பூமலையில் முடிவானது ஒரு வெட்டின் கோணம் மட்டுமன்று. ஒரு மனிதர் எத்தனை மணிக்கு எழவேண்டும் என்பதும் அதனோடு சேர்ந்தே முடிவாயிற்று.

அந்தக் கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகளாக இருந்ததற்கு வரலாறு இருக்கிறது. கரும்பு, காப்பித் தோட்டங்களுக்காக முன்பே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் மலாயா வந்திருந்தார்கள். ரப்பர் பெருகியபோது அந்த வழி அகலமாக்கப்பட்டது. 1907இல் இந்தியர் குடிவரவுக் குழு அமைக்கப்பட்டது. தொழிலாளர்களை வேலைக்கு வைத்தவர்களிடம் வரி வாங்கி ஒரு நிதி திரட்டி, அதிலிருந்து கப்பற்செலவை ஏற்றார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊருக்கும் உறவுக்கும் போய் ஆள் திரட்டி வருவார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கிருந்து கப்பலேறியவர்கள் பினாங்கிலோ கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ இறங்கினார்கள். கூலிகள் வெளியேறுவதை இந்திய அரசு 1938இல் தடுத்து நிறுத்தும்வரை இது நடந்தது. 1931 கணக்கெடுப்பில் மலாயாவில் இந்தியர் ஆறு லட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தமிழர், அவர்களில் பெரும்பகுதியினர் தோட்டங்களில் இருந்தார்கள். பெண்களும் மரம் சீவினார்கள், பிள்ளைகள் கூடவே போய் மங்கு துடைத்தார்கள். இலங்கையில் களுத்துறை, கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் தமிழர்கள் இதே வேலையைச் செய்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார்த்தால் அந்த வாழ்வின் தன்மை புரியும். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். அதோடு, துரையோ எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தையும் ஒழிக்கச் சொன்னார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ரிட்லி தாவரவியலாளர். கங்காணி முறையை அவர் வகுக்கவில்லை, கூலியை அவர் நிர்ணயிக்கவில்லை. ஒரு வெட்டுமுறையைக் கண்டறிந்தவரை அதனால் விளைந்த சமூக அமைப்புக்குப் பொறுப்பாக்குவது சரியா? இந்த மறுப்புக்கு வலுவான ஆதாரமும் உண்டு. அதே முறையைக் கற்றுக்கொண்டு மலாய்க்காரரும் சீனரும் இரண்டு மூன்று ஏக்கரில் ரப்பர் நட்டுத் தாங்களே சீவிப் பிழைத்தார்கள். 1930களில் மலாயாவின் ரப்பர் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இத்தகைய சிறு நிலக்காரர்களுடையது. ஆகவே அந்த வெட்டு ஒரு குடும்பத்தின் கைக்கும் அடங்கியது. துரையும் கங்காணியும் பெரட்டுக் களமும் இல்லாமல் ரப்பர் விளைய முடியாது என்பதில்லை. இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகிறது. பெருந்தோட்டம் மரத்தின் கட்டாயத்தால் வந்ததில்லை, ஆட்சியின் தேர்வால் வந்தது. நிலச்சட்டம், குடிவரவு நிதி, கம்பெனிகளுக்குத் தாராளமாக வழங்கிய காடுகள் எல்லாம் அந்தத் தேர்வின் உறுப்புகள். 1922 முதல் 1928 வரை நடப்பிலிருந்த ஸ்டீவன்சன் ரப்பர் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சிறு நிலக்காரர்களின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டதைப் பொருளியலாளர் பி.டி. பாவர் 1948இல் வெளியிட்ட தம் ஆய்வில் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே ரிட்லியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. பாரம்பரியத்தில் எவை அடங்கும் என்பதே என் கேள்வி. ரப்பர் பயிர்த்தொழில் பரவியதற்கு உதவியது என்பதற்காக ஒரு பூங்காவை உலகமே போற்றுகிறது. அந்தப் பரவல் எந்தக் கைகளால் நடந்ததோ அந்தக் கைகளைக் கணக்கில் சேர்க்காமல் அந்தப் புகழுரை முழுமை பெறாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ரிட்லியின் முறை உண்மையில் உயிர்காத்த முறை என்பார்கள். அதுவும் உண்மை. காட்டு ரப்பரின் காலத்தில் காங்கோவிலும் அமேசானின் புட்டுமாயோவிலும் நடந்தவை மனித வரலாற்றின் கொடூரங்களில் சேர்ந்தவை. ரோஜர் கேஸ்மென்ட் எழுதிய அறிக்கைகள் அவற்றை உலகுக்குக் காட்டின. தோட்ட ரப்பர் சந்தைக்கு வந்ததும் காட்டு ரப்பர் விலை இழந்து அந்த வேட்டை அடங்கியது. மரங்களுக்கும் இது பொருந்தும். ரிட்லிக்கு அரை நூற்றாண்டு முன், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட கட்டாபெர்ச்சா பாலுக்காக மலாயாக் காடுகளில் மரங்களை அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள். சிங்கப்பூரில் அந்த இனம் கிட்டத்தட்ட அற்றே போயிற்று. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கலாம் என்று நிறுவியது பெரும் நன்மை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த நன்மைக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. பட்டை எத்தனை ஆண்டில் திரும்ப வளரும், எத்தனை நாளுக்கு ஒரு முறை சீவலாம், ஆண்டுக்கு எத்தனை அங்குலப் பட்டை செலவாகலாம் என்றெல்லாம் மரத்துக்கு அளவு வகுத்த அறிவு, அந்த மரத்தைச் சீவியவரின் உடம்புக்கு அதே அக்கறையோடு அளவு வகுக்கவில்லை. காடழித்து எழுந்த புதிய தோட்டங்களில் மலேரியா ஆட்களை அள்ளிச் சென்றது. கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் சதுப்புநீரை வடித்து நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார். வழி தெரிந்த பிறகும் அது எல்லாத் தோட்டங்களையும் எட்டப் பல ஆண்டுகள் ஆயின. மரத்தைக் காத்த முறைக்கு நன்றி சொல்லலாம். சீவியவருக்கு ஏன் அந்தக் காவல் கிடைக்கவில்லை என்று கேட்பதற்கு அந்த நன்றி தடையாக இருக்கவேண்டியதில்லை.

போர்க்காலம் இந்த வேறுபாட்டை மேலும் துலக்கிக் காட்டுகிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பூமலையின் உலர்தாவரத் தொகுப்பும் நூலகமும் அழிந்திருக்கக்கூடும். ஜப்பானிய அறிஞர் தனகடாதே ஹிதேஸோவும், பிரித்தானியத் தாவரவியலாளர்கள் ஹோல்ட்டம், கார்னர் ஆகியோரும் பகைமையை ஒதுக்கிவைத்து அவற்றைக் காத்தார்கள். அறிவியல் வரலாற்றில் மதிக்கத்தக்க நிகழ்வு அது. அதே ஆண்டுகளில் மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களின் பெயர்ப்பட்டியல்கூட முழுமையாக இல்லை. போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தோட்டத் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் அமையவில்லை. பூங்கா காக்கப்பட்டது குறித்து எனக்கு எந்தக் குறையும் இல்லை. உலர்தாவரத் தொகுப்பில் ஒவ்வொரு தாளிலும் செடியின் பெயர், எடுத்த இடம், எடுத்தவர், தேதி ஆகியவை இருக்கும். ஒரு செடியை அந்த அளவு நுணுக்கமாக நினைவில் வைக்கத் தெரிந்த நாகரிகம், அந்தச் செடியோடு வாழ்ந்த மனிதரையும் அப்படி நினைவில் வைக்கலாம் என்பதே என் கோரிக்கை. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ போன்ற நாவல்களும், மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளும், தோட்டத்துப் பாடல்களும் அந்த நினைவின் ஒரு பகுதியைச் சுமக்கின்றன. ஆனால் இலக்கியத்தின் சுமை இலக்கியத்தோடு நின்றுவிட்டது. பூங்காவின் கதையோடு அது வந்து சேரவில்லை.

கடைசியாக, மிக இயல்பான மறுப்பு ஒன்று இருக்கிறது. பூங்காவுக்கு மக்கள் இளைப்பாற வருகிறார்கள். அன்ன ஏரிக்கரையில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவரிடம் கங்காணியைப் பற்றியும் மலேரியாவைப் பற்றியும் பேசுவது எதற்கு? சிங்கப்பூர் இன்று வேறு நாடு, வேறு காலம். இந்த உணர்வை நான் மதிக்கிறேன். பூமலை இன்று சிங்கப்பூரின் மிகப் பெரிய பொதுநன்மைகளில் ஒன்று. காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவுவரை, ஆர்க்கிட் தோட்டம் நீங்கலாக, யாருக்கும் கட்டணமில்லாமல் திறந்திருக்கிறது. ஒரு காலத்தில் சங்கத்து உறுப்பினர்களின் உலாவிடமாக இருந்த நிலம் இன்று கட்டுமானத் தொழிலாளியும் வீட்டுப் பணிப்பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை உட்காரும் நிலமாகியிருக்கிறது. இந்த மாற்றமே என் பக்கத்துக்குச் சான்று. பூங்காவின் வாயில் யாருக்காகத் திறந்தது என்பது மாறியிருக்கிறது. பூங்காவின் கதை யாருடையது என்பதும் அதோடு சேர்ந்து மாறவேண்டும். அறிவு அழகைக் கெடுக்கும் என்பது தவறான அச்சம். அந்த ஏரியின் அழகை நாம் ரசிப்பதே, வளைந்த கரையும் சரிந்த புல்வெளியும் திட்டமிட்டு அமைத்தவை என்று தெரியும்போது இன்னும் நுட்பமாகிறது. மரத்துக்கும் அப்படித்தான். ரப்பர் மரம் பார்வைக்கு எளியது. மூன்று மூன்றாக இலை, பழுப்புச் சாம்பல் பட்டை, பகட்டில்லாத பூ. ஆர்க்கிட்டைப் போல யாரையும் நிறுத்தி வைக்காது. அதன் பட்டைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு தெரிந்தவருக்கு அந்தப் பூங்காவில் அதைவிட நின்று பார்க்கத்தக்க மரம் வேறொன்று இருக்கமுடியாது.

செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ரப்பரின் வரலாற்றைச் சொல்லும் இடத்தில், விக்கம், ரிட்லி, டான் சே யான் ஆகியோரின் பெயர்களுக்குப் பக்கத்தில், மரம் சீவியவரின் ஒரு நாள் எப்படி இருந்தது என்பதையும் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளிலும் சொல்லலாம். அதைச் சொல்வதற்கான மூலங்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றன என்பதுதான் கவலை. மலேசியாவில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல செம்பனைக்கு மாறின, பல குடியிருப்புகளாயின. லயங்கள் இடிக்கப்பட்டன; பெரட்டுக் களங்கள் தடம் தெரியாமல் போயின. கையால் சீவி வாழ்ந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரியும். அதை ரிட்லி அளந்து எழுதினார். அவர்கள் அன்றாடம் செய்து காட்டினார்கள். ஓர் அறிவியல் முறையின் வரலாறு முழுமையாக வேண்டுமானால் இரண்டு தரப்பின் சாட்சியமும் வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளும் எழுத்தாளர் சங்கங்களும் இந்தப் பணியை மேலும் தள்ளிப்போடக்கூடாது. சிங்கப்பூருக்குப் போகும் தமிழ் வாசகர் அன்ன ஏரியைப் பார்க்கட்டும், ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்க்கட்டும்; ஒரு ரப்பர் மரத்தைத் தேடிப்போயும் பார்க்கட்டும். ஊர் திரும்பியதும், குடும்பத்தில் மலாயாத் தோட்டத்தில் மரம் சீவியவர் யாராவது இருந்திருந்தால், அவரைப் பற்றித் தெரிந்ததைப் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைக்கட்டும்.